கஸ்பார் இல்லாத கன்னியாகுமரிச் சாலை

மழைநீர் தேங்கிய உப்பளங்கள். பாத்திக்கு ஒரு வானம். விடிகிற வெளிச்சம் ஒவ்வொன்றிலும் கொஞ்சம் சாம்பலாக, கொஞ்சம் சிவப்பாக இறங்கிக்கொண்டிருந்தது.

அந்த வானங்களின் ஓரமாக அமலோற்பவம் சைக்கிள் மிதித்துப் போனாள்.

முன்னால் ஏழெட்டுப் பேர். எல்லாம் பழைய வண்டிகள். தடித்த டயர், அகன்ற சீட்டு, மாட்டுக்கொம்பு போல வளைந்த ஹேண்டில்பார். அவசரத்துக்கு ஆகாதவை. நிமிர்ந்து உட்கார்ந்து, பார்த்துக்கொண்டே போவதற்கென்று செய்தவை.

அவள் ஓட்டியது பச்சை நிற வண்டி. அது அவளுடையதல்ல. அவள் கணவன் கஸ்பாருடையது.

கஸ்பார் தூத்துக்குடித் துறைமுகத்துப் பட்டறையில் வெல்டராக இருந்தான். கப்பலிலிருந்து பழைய இரும்போடு இரும்பாக இறங்கிய ஒரு வெளிநாட்டுச் சைக்கிளின் சட்டத்தைத் தோளில் சுமந்து வீட்டுக்குக் கொண்டுவந்தான். ஒரு மழைக்காலம் முழுக்கத் துரு சுரண்டினான். ஒட்டினான். வளைத்தான். பச்சை பூசினான்.

அடுத்த மழைக்காலத்தில் அதைப் பார்த்து அவளுக்கும் ஒன்று செய்தான். அது நீலம்.

ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்ததும் பச்சையும் நீலமும் பக்கத்தில் பக்கத்தில் கடற்கரைச் சாலையில் போகும். கன்னியாகுமரி வரைக்கும் ஒரு தடவை, என்பான் கஸ்பார். கடலை விடாமல், ரெண்டு நாள், நிதானமாக. அடுத்த வருஷம், என்பாள் அவள்.

அடுத்த வருஷம் பக்கவாதம் வந்தது. வலது கை. வலது கால். போன பேச்சு, ஒவ்வொரு சொல்லாகத் திரும்பி வந்தது. சில சொற்கள் இன்னும் வழியில்தான் இருக்கின்றன.

பழைய வண்டிக்காரர்கள் கன்னியாகுமரிக்குப் போகிறார்கள் என்று கஸ்பாரின் நண்பன் சைலப்பன் வந்து சொன்னபோது, நான் எங்கே வர, என்று அவள் அடுப்படிக்குப் போய்விட்டாள். கட்டிலிலிருந்து குரல் வந்தது.

"போ, அமலி."

சற்றுக் கழித்து மறுபடியும்.

"என் வண்டிய எடு. சும்மா நின்னா... துரு ஏறும்."

அவனுடைய தங்கை செசிலி, ரெண்டு நாள் அண்ணனைப் பார்த்துக்கொள்கிறேன் என்று புன்னைக்காயலிலிருந்து வந்தாள். மறுப்பதற்கு ஒன்றும் மிச்சமில்லாமல் போயிற்று.

புறப்பட்ட விடியலில் அவன் விழித்துத்தான் இருந்தான். தெரிந்தும் அவள் திரும்பிப் பார்க்கவில்லை. பார்த்தால் போகமுடியாது. போகவேண்டும் போல இருந்தது. அது அவளுக்கே அச்சமாக இருந்தது.

வாடைக்காற்று முதுகில் கை வைத்துத் தள்ளியது.

ஆத்தூர்ப் பாலம். கீழே தாமிரபரணி நுங்கும் நுரையுமாகக் கடலுக்குப் போய்க்கொண்டிருந்தது. வாழைத்தோட்டங்களின் ஈரவாசம். அவள் மூச்சை இழுத்தாள். நெடுநாளாக மருந்தும் டெட்டாலும் தவிர வேறொன்றும் மூக்கில் ஏறியதில்லை.

மிதித்தாள். கனத்த வண்டி முதலில் முரண்டு பிடித்தது. பிறகு அதன் கனமே அதை உருட்டிக்கொண்டு போயிற்று.

திருச்செந்தூர் தாண்டியது. தேரிமண் தொடங்கியது. மழையில் நனைந்த செம்மண் மேடுகள், அவற்றின் மேல் பனைகள், பனைகளின் மேல் வெளிச்சம். தூறல் வந்தது. போயிற்று. வெயில் வந்தது. கையிலிருந்த ஈரம் காய்ந்தது.

மணப்பாட்டில் குன்றின் மேல் கோவில். அதற்குக் கீழே கடல் வளைந்து உள்ளே வந்து, பச்சையாக, சலனமில்லாமல் படுத்திருந்தது. அவள் யாருக்கும் கேட்காமல் சிரித்தாள். தான் சிரித்தது பிறகுதான் தெரிந்தது.

பெரியதாழைக்கு அப்பால் சாலை இறங்கியது. அவள் மிதிப்பதை நிறுத்தினாள். வண்டி தானாகப் போயிற்று. காற்று தானாகத் தள்ளியது. துப்பட்டா முன்னால் பறந்தது. உடம்பு என்று ஒன்று தனக்கு மட்டுமாக இருப்பது, யாரையும் தூக்காமல், புரட்டாமல், துடைக்காமல் இருப்பது, இப்படித்தான் இருக்குமா.

பையில் போன் அடித்தது.

அடித்துக்கொண்டே இருந்தது. இறக்கம் முடியட்டும், என்று நினைத்தாள். இறக்கம் முடியவேண்டாம், என்றும் நினைத்தாள்.

அடித்து ஓய்ந்தது.

கீழே ஒரு பனைமரத்தடியில் நிறுத்தியபோதுதான் உறைத்தது. ஆத்தூரிலிருந்து இங்கு வரைக்கும் அவனை ஒரு தடவைகூட நினைக்கவில்லை. அவன் செய்த வண்டி. அவன் பூசிய பச்சை. அவன் உட்கார்ந்து உட்கார்ந்து அவன் வாகுக்கு அமுங்கிய சீட்டு. அதில் உட்கார்ந்துகொண்டு, அவனை நினைக்கவில்லை.

உடனே அழைத்தாள். செசிலி எடுத்தாள்.

"ஒண்ணுமில்ல மைனி. நீங்க எதுவரைக்கும் போயிருக்கீங்கன்னு அண்ணன் கேக்கச் சொன்னாவ."

வெயில் கொளுத்துகிறது, கால் வலிக்கிறது, ஏன்தான் வந்தேனோ என்றிருக்கிறது, என்று அமலி சொன்னாள். பனையோலை தலைக்கு மேல் சலசலத்தது. தூறலுக்குப் பிந்திய காற்று ஜில்லென்றிருந்தது.

சந்தோஷமாக இருந்ததற்கு அபராதம் போல அந்தப் பொய். கட்டிவிட்டால் தீர்ந்துவிடும் என்று நினைத்தாள். தீரவில்லை.

சாயங்காலம் உவரியில் தங்கினார்கள். கோவிலில் அவனுக்காக மெழுகுதிரி ஏற்றினாள். சுடர் நின்று எரிந்தது. அவனுக்குச் சுகம் கொடும், என்று கேட்க வாய் திறந்தால், நாளைக்கும் மழை வரக்கூடாதே, என்று மனம் கேட்டது. வெட்கி எழுந்து வந்தாள். போனில் அவனிடம், சாப்பாடு வாயில் வைக்க விளங்கவில்லை, என்றாள். மீன்குழம்பின் ருசி அப்போதும் நாக்கில் இருந்தது.

மறுநாளும் மழை வரவில்லை. காற்றாலைகள் சுழன்றன. கடல் கூடவே வந்தது. கன்னியாகுமரியில் தரை முடிந்தபோது எல்லோரும் கைதட்டினார்கள். அவள் ஹேண்டில்பாரைப் பிடித்தபடி அழுதாள். சந்தோஷத்தில் அழுகிறாள் என்று சைலப்பன் நினைத்தான். அது உண்மைதான். அதுதான் அவளால் தாங்கமுடியாததாக இருந்தது.

வண்டிகளை லாரியில் ஏற்றிக்கொண்டு மாலையில் ஊர் திரும்பினார்கள்.

கஸ்பார் தலையணையில் சாய்ந்து உட்கார்ந்திருந்தான். சவரம் செய்து, புதுச்சட்டை போட்டிருந்தான். அவன் கேட்டுச் செசிலி போட்டுவிட்டிருந்தாள்.

"எப்படி... இருந்துச்சு?"

"என்னத்தச் சொல்ல. ஒரே காத்து. இடுப்பு ஒடிஞ்சு போச்சு. இனிமே போகமாட்டேன்."

அவன் அவளையே பார்த்தான். பிறகு மெல்ல, இடது கையால் கட்டில் சட்டத்தைப் பிடித்து, சுவர் பக்கம் திரும்பிக்கொண்டான். கஞ்சி கொண்டுபோனாள். வாய் திறக்கவில்லை.

செசிலி அவளை முற்றத்துக்குக் கூட்டிக்கொண்டு போனாள். ரெண்டு நாளாக அண்ணன் கண்ணை மூடியே கிடந்ததைச் சொன்னாள். முதலில் தூக்கம் என்றுதான் நினைத்தாளாம்.

"என்னண்ணேன்னு கேட்டா, இப்ப ஆத்தூர்ப் பாலம்னு சொல்லுதாவ. கொஞ்சம் பொறுத்து, குலசேகரப்பட்டினம்னு சொல்லுதாவ. நீங்க போன்ல பேசினதுக்கு அப்புறம் ஒண்ணும் சொல்லல மைனி."

அமலி அங்கேயே உட்கார்ந்துவிட்டாள்.

அவனுக்கென்று மிச்சம் இருந்தது அந்தச் சாலைதான். அதிலும் அவள் வெயிலைக் கொட்டியிருக்கிறாள். கால்வலியைக் கொட்டியிருக்கிறாள். தன் குற்றவுணர்ச்சிக்கு மருந்தென்று நினைத்து, அவனுடைய கடலை அல்லவா தூர்த்திருக்கிறாள்.

உள்ளே போனாள். கட்டிலின் ஓரத்தில் உட்கார்ந்தாள். சுவரைப் பார்த்திருந்த முதுகிடம் பேசினாள்.

"நல்லா இருந்துச்சு."

முதுகு அசையவில்லை.

"ரொம்ப நல்லா இருந்துச்சு. ஆத்தூர்ல இருந்து பெரியதாழை வரைக்கும் உங்கள நெனைக்கவே இல்ல. போன் அடிச்சுது. வேணும்னுதான் எடுக்கல."

சொன்னதும் அறை சிறுத்துப்போனது போல இருந்தது. ஜன்னலில் வெளிச்சம் குறைந்துகொண்டிருந்தது. அவன் தோள் ஒருமுறை ஏறி இறங்கியது. வலித்திருக்கும். வலிக்கத்தான் செய்யும். அவள் அதைத் துடைக்கப் போகவில்லை. முகத்தை மூடிக்கொள்ளவும் இல்லை. அங்கேயே இருந்தாள்.

நெடுநேரம் கழித்துத் திரும்பினான். கண் ஈரமாக இருந்தது. கோபமும் இருந்தது.

"வண்டி... எப்படி ஓடுச்சு?"

அவள் சொல்லத் தொடங்கினாள். மேட்டில் முரண்டு பிடிப்பதை, இறக்கத்தில் அது மிதக்கிற மாதிரிப் போவதை. ஆற்றில் வெள்ளம் வந்ததை. வாழைத்தோட்டத்து ஈரத்தை. சிவப்பு மண்ணில் தூறல் விழுந்த வாசத்தை. சொல்லச் சொல்லக் குரல் ஏறியது. சொற்கள் ஒன்றையொன்று முந்தின. குன்று, கோவில், பச்சைக் கடல், அப்புறம் பெரியதாழை, அந்த இறக்கம்...

அவன் இடது கை அவள் மணிக்கட்டைப் பிடித்தது. கண் மூடியிருந்தது.

"மெதுவா, அமலி. நான் இன்னும்... மணப்பாடு தாண்டல."

அவள் நிறுத்தினாள். அவன் வந்து சேரட்டும் என்று காத்திருந்தாள்.