நாலு பேருக்கு ஒரே கணக்கு

கிளைகளைக் கழித்து மட்டம் வெட்டும் கவ்வாத்துக் கத்தியை மூக்கன் எடுத்தால் தேயிலை மரத்துக்கே நடுக்கம் எடுக்கும் என்று தோட்டத்தில் பேச்சு. ஆளுக்கு இருநூறு மரம் வெட்டினால் அன்றைய கணக்கு முடிந்தது, வீட்டுக்குப் போகலாம். பன்னிரண்டு மணிக்குள் முடிப்பது என்று அவன் தினமும் மனதுக்குள் முடிவு கட்டுவான், முடித்தும் விடுவான். மற்றவர்கள் மூன்று மணி வரை ஆடி அசைந்து வெட்டுவதைப் பார்த்தால் அவனுக்கு எரிச்சல் பற்றிக்கொண்டு வரும்.

அந்த வெள்ளிக்கிழமை பார்த்தா வேலையை மேற்பார்க்கும் கண்டாக்கையாவுக்குப் புதுப் புத்தி தோன்ற வேண்டும்? இனி நாலு பேருக்கு ஒரே கணக்காம். எண்ணூறு மரமும் முடியாமல் ஒருவரும் மலையை விட்டு இறங்கக் கூடாதாம். மூக்கனுக்குப் பகீரென்றது. மஸ்கெலியா ஆஸ்பத்திரியில் அவன் மனைவி வேலாயிக்கு முந்தின நாள்தான் பெண் குழந்தை பிறந்திருந்தது. முதல் பிள்ளை, இன்னும் முகம் பார்க்கவில்லை. ஒரு மணி பஸ்ஸை விட்டால் இன்றைக்கும் பார்க்க முடியாது.

கூட வெட்ட வந்தவர்களோ செல்லசாமி, அழகன், மாயாண்டி. மூவரும் பெயர் போன சோம்பேறிகள், அதாவது மூக்கன் பார்வையில். இவர்களிடம் போய்க் கெஞ்சுவதா என்று வாயைத் திறக்காமல் வெட்டினான். பதினோரு மணிக்குத் தன் பங்கு இருநூறை முடித்து நிமிர்ந்தால், அவர்கள் பாதியைத் தாண்டியதே பெரிய காரியமென்று காமன் கூத்துக் கதை பேசிக்கொண்டிருந்தார்கள். மூக்கன் பஸ்ஸையும் பிள்ளையையும் சொல்லிக் கொட்டித் தீர்த்துவிட்டான்.

"இத காலையிலயே சொல்றதுக்கு என்ன?" என்றான் செல்லசாமி.

பிறகு மூன்று பேர் கத்தியும் பறந்தது. செல்லசாமி மூக்கனையே முந்திக்கொண்டு போனான். இவ்வளவு வேகத்தைக் கையில் வைத்துக்கொண்டு இத்தனை நாள் ஏன் இழுத்தடித்தீர்கள் என்று மூக்கன் கேட்டதற்கு, செல்லசாமி கத்தியை நிறுத்தாமலே பதில் சொன்னான்.

"ரெண்டு வருசத்துக்கு முந்தி கணக்கு நூத்தைம்பது மரந்தான். நீ வெள்ளன முடிச்சதப் பாத்துத்தான் இருநூறாக்குனாங்க. நாங்களும் ஓடியிருந்தா இந்நேரம் முந்நூறு."

மூக்கனுக்கு முகத்தை எங்கே வைத்துக்கொள்வதென்று தெரியவில்லை. வெட்கத்தில் இன்னும் வேகமாக வெட்டினான்.

பன்னிரண்டரைக்கு எண்ணூறும் முடிந்தது. மூவரும் இறங்கவில்லை. சீக்கிரம் முடிந்தது தெரிந்தால் கணக்கு ஏறும், அதனால் மூன்று மணி வரை இருந்துதான் வருவார்களாம். மூக்கனை மட்டும் ஓடை வழியாக ஒளிந்து போகச் சொன்னார்கள்.

பஸ் வளைவில் திரும்பும்போது அவன் எட்டிப் பார்த்தான். மேலே, வெட்டி முடித்த மரங்களுக்கு நடுவே, மூன்று பேரும் குனிந்து குனிந்து வெறுங்காற்றை வெட்டிக்கொண்டிருந்தார்கள். சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது, கண்ணும் கலங்கியது. பக்கத்து இருக்கையில் இருந்த கடைக்காரர் சரிபுதீன் நானா, இன்றைக்கு வேலை இல்லையா என்று கேட்டார்.

"இருக்குங்க நானா," என்றான் மூக்கன். "அந்தா, நாங்க நாலு பேரும் வெட்டிக்கிட்டுத்தான் இருக்கோம்."