முகம் தெரிய விழுவது

"மண்வெட்டியைத் திருப்பிப் பிடிம்மா" என்றார் யூத குருவான ரப்பி.

செல்மா திருப்பிப் பிடித்தாள். முதல் மண்ணை மண்வெட்டியின் முதுகால்தான் அள்ளிப் போட வேண்டும். இந்த வேலையில் எங்களுக்கு அவசரமில்லை என்று காட்டுவதற்காக அப்படி. முதுகில் எவ்வளவு மண் நிற்கும்? பாதி அவள் காலணியிலேயே கொட்டியது. மிச்சம் அப்பாவின் பைன் மரப்பெட்டி மேல் தொம்மென்று விழுந்தது. அந்தச் சத்தத்துக்கு அவள் உதடு தானாகப் பிரிந்தது. எதையோ சொல்ல வந்தவள், சுதாரித்து வாயை மூடிக்கொண்டாள்.

பக்கத்தில் டென்னிஸ் கெய்லி நின்றிருந்தார். எழுபது வயது ஐரிஷ்காரர், அப்பாவோடு இருபது வருடம் சினிமாவில் நடித்தவர். மரியாதைக்காகத் தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்திருந்தார். யூதக் கல்லறையில் தொப்பி போட்டிருப்பதுதான் மரியாதை என்று யாரோ காதைக் கடிக்க, அவசரமாக மாட்டியதில் அதன் பின்பக்கம் முன்னால் வந்துவிட்டது.

"இவனை நான் பத்தொம்பது தடவை கொன்னிருக்கேன், கண்ணு" என்றார் மெதுவாக. "மாடிப்படியில, காருக்குள்ள, முடி வெட்டுற நாற்காலியில... ஒரு தடவைகூட மண்ணு போட்டதில்ல. அதுக்குள்ள சாப்பாட்டுக்கு விட்டுருவாங்க."

செல்மாவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. துக்கத்துக்கு அடையாளமாக நெஞ்சில் குத்தியிருந்த கிழிந்த கறுப்பு நாடா அந்தச் சிரிப்பில் குலுங்கியது. சிரித்ததற்காகத் தன்னையே அறைந்துகொள்ள வேண்டும்போல் இருந்தது.

அப்பாவின் கல்லில் லேசர் குருப்னிக் என்று வெட்டப் போகிறார்கள். அந்தப் பெயரைச் சொன்னால் ஹாலிவுட்டில் ஒரு நாய்கூடத் திரும்பிப் பார்க்காது. லூ கார்வன் என்ற சினிமாப் பெயரைச் சொன்னால், அதுவும் அந்தக் காலத்தில் சொன்னால், பெண்கள் கைப்பையை இறுக்கிப் பிடித்துக்கொள்வார்கள். பிலடெல்பியாவில் தையற்காரர் மகன். யூதர்களின் இத்திஷ் மொழி நாடகக் குழுவில் அழுமூஞ்சி வேடம் போட்டுக்கொண்டிருந்தவர். படம் பேசத் தொடங்கிய நேரத்தில் மேற்கே வந்து இறங்கினார். சின்ன வயதில் சோடா பாட்டில் வெடித்து மோவாயில் ஒரு தழும்பு. அந்தத் தழும்புதான் சோறு போட்டது. ஸ்டுடியோ ஒரு தொப்பியையும் தோள் அகன்ற கோட்டையும் மாட்டிவிட்டு, நீ இனிமேல் ரவுடி என்றது. வீட்டில் எலிப்பொறி வைக்கவே கை நடுங்குகிற மனிதர் பதினெட்டு வருடம் ரவுடியாக இருந்தார்.

அறுபத்து மூன்று படம். அதில் ஐம்பத்தெட்டில் செத்தார். கும்பல் தலைவன் வேடம் ஒருமுறைகூடக் கிடைக்கவில்லை. தலைவன் என்றால் கடைசி ரீலில் மழையில் நனைந்து, வசனம் பேசிச் சாவான். லூ கார்வன் நாலாவது ரீலிலேயே வசனமில்லாமல் போய்ச் சேர்ந்துவிடுவார். ஆனால் சாவதில் அவரை அடிக்க ஆளில்லை. விழுந்தால் மூச்சு விடுவது தெரியாது. டைரக்டர் கட் சொல்கிறவரை இமை அசையாது. டைரக்டர் மறந்துபோய்க் காபி குடிக்கப் போனாலும் அப்படியே கிடப்பார். ரத்தத்துக்குச் சாக்லேட் பாகு தடவுவார்கள். சாயங்காலம் வீட்டுக்கு வரும்போது சட்டையெல்லாம் அந்த வாசனை. செல்மாவுக்கு அப்பாவின் வாசனை என்றால் இன்றைக்கும் அதுதான்.

வீட்டிலும் சாவார். சாப்பாட்டு மேஜையில் சூப் கிண்ணத்தைத் தள்ளிவிட்டு, வயிற்றைப் பிடித்துக்கொண்டு நாற்காலியோடு சாய்வார். யாரும் கிட்டே போகக் கூடாது என்பது சட்டம். போய்க் கிச்சுக்கிச்சு மூட்டினாலும் எழ மாட்டார். செல்மா நாற்காலி மேல் ஏறி நின்று, "கட்!" என்று கத்த வேண்டும். அப்போதுதான் கண் திறக்கும். அம்மா சொன்னால் திறக்காது. அது செல்மாவின் வேலை. நான்கு வயதில் கிடைத்த வேலை, நாற்பத்து மூன்றிலும் அவள் கையை விட்டுப் போகவில்லை.

போர் முடிந்ததும் படங்களில் ரவுடிகள் போய்க் குதிரைக்காரர்கள் வந்தார்கள். லூவுக்குக் குதிரை என்றால் பயம். பிறகு டெலிவிஷனில் ஹோட்டல் வாசல்காரன், கோர்ட்டில் சாட்சி. கடைசி நாலு வருடம் புறநகர் வான் நைஸில் இருந்த வீட்டில் போன் சும்மா கிடந்தது. அதைத் தினமும் துடைத்து வைத்தார். போன வாரம் அது அடித்தது. இரண்டு தெரு தள்ளி ஒரு கம்பளக் கடை திறக்கிறார்கள். பழைய தொப்பியும் கோட்டுமாக வந்து, வாசலில் சுடப்பட்டு, புதுக் கம்பளத்தின்மேல் விழ முடியுமா என்று கேட்டார்கள். லூ எழுந்து நின்று போனில் பதில் சொன்னார்.

கல்லறையிலிருந்து திரும்பியவர்கள் வாசலில் வைத்திருந்த கூஜாத் தண்ணீரில் கை கழுவி உள்ளே போனார்கள். துக்க வழக்கப்படி முகம் பார்க்கும் கண்ணாடிகளுக்கு மேல் படுக்கை விரிப்புகள் தொங்கின. பக்கத்து வீட்டுப் பெண்கள் முட்டை வேகவைத்துக் கொண்டுவந்திருந்தார்கள். துக்க வீட்டில் முதலில் முட்டைதான். குள்ள ஸ்டூலில் அம்மா யெட்டா, வெறும் காலுறையோடு, காலை நீட்டி உட்கார்ந்திருந்தாள். வருகிறவர்களிடமெல்லாம் ஒரே பாட்டு.

"நான் தூங்கிட்டு இருந்தேன். ரேடியோ பாடிட்டு இருந்துச்சு. ஒண்ணுமே கேக்கல."

செல்மாவும் தன் பங்குக்கு ஒன்று வைத்திருந்தாள். "ஒரு நொடியில போயிட்டாரு. கஷ்டப்படல." இப்படிப் பதினைந்து பேரிடம் சொல்லியாயிற்று. பதினாறாவதாக டென்னிஸ் சமையலறைக்குள் வந்தார். அவரிடம் அது வாயில் வரவில்லை.

"எங்க விழுந்தான்?"

"இங்கதான் மாமா. அடுப்புகிட்ட."

டென்னிஸ் தரையைப் பார்த்தார். தொழில்காரர் பார்வை. எங்கே நின்றிருப்பான், எந்தப் பக்கம் சாய்ந்திருப்பான் என்று கண் அளந்தது. "ஒத்திகை பாத்தானா?"

"மூணு நாளா அதேதான். நான் வேணாம்னேன். அறுபத்தெட்டு வயசுல, இந்த இருதயத்த வச்சுக்கிட்டு, கம்பளம் வாங்க வர்றவங்க முன்னாடி விழுந்து காட்டணுமான்னேன். 'பசங்கல்லாம் வேடிக்கை பாப்பாங்க, செல்மா'ன்னாரு. 'சிரிப்பாங்க, அப்பா'ன்னேன்." அவள் குரல் இறங்கியது. "அப்படிச் சொன்னேன், மாமா."

"சரி."

"சரின்னு சொல்லாதீங்க. கேளுங்க. நான் உருளைக்கிழங்கு சீவிட்டு இருந்தேன். பின்னாடி தொம்முனு சத்தம். எனக்குப் பத்திக்கிட்டு வந்துச்சு. 'இன்னிக்கு நான் கட் சொல்ல மாட்டேன். கெடங்க அங்கேயே'ன்னேன். சொல்லிட்டு மறுபடி சீவ ஆரம்பிச்சுட்டேன்."

"எவ்வளவு நேரம்?"

"ஆறு உருளைக்கிழங்கு."

வெளியே யாரோ கொட்டாவி விட்டபடி போய்வருகிறேன் என்று சொல்லிக்கொண்டிருந்தார்கள். டென்னிஸ் தொப்பியைச் சுற்றிச் சுற்றித் திருப்பினார்.

"விழறதுக்கு முன்னாடியே உசிரு போயிருக்கும்னு டாக்டர் சொன்னாரு" என்றாள்.

"அப்ப அப்படித்தான் இருக்கும்."

"மாமா, அவர் குப்புற விழுந்திருந்தாரு."

டென்னிஸின் கை நின்றது. லூ கார்வனோடு ஒரு நாள் வேலை செய்த லைட்பாய்க்குக்கூட அது தெரியும். லூ எப்படிச் சுடப்பட்டாலும், எங்கிருந்து உருண்டாலும், முகம் கேமரா பக்கம் வந்துதான் நிற்கும். முகம் தெரியாத பிணத்தை அடுத்த படத்துக்கு எவனும் கூப்பிட மாட்டான் என்பார். வீட்டில் விழுந்தாலும் அப்படித்தான், செல்மா உட்கார்ந்திருக்கும் பக்கம் முகம் இருக்கும்.

"நான் பாத்தேன்" என்றாள் செல்மா. "மூணாவது கிழங்கு எடுக்கறப்ப ஒரு தடவ திரும்பிப் பாத்தேன். மூஞ்சி தெரியல. ஏதோ புதுசா பண்றாருன்னு நினைச்சுட்டேன்."

அவர் ஆறுதல் சொல்லுவார் என்று எதிர்பார்த்தாளோ, திட்டுவார் என்று எதிர்பார்த்தாளோ, அவளுக்கே தெரியாது. டென்னிஸ் இரண்டையும் செய்யவில்லை. தட்டிலிருந்து ஒரு முட்டையை எடுத்து உரித்தார். உரித்து முடித்ததும் தின்னாமல் அதைத் தட்டிலேயே வைத்தார்.

"அம்மாகிட்ட சொன்னியா?"

"இல்ல."

"சொல்லணும்னு இருக்கியா?"

"சொன்னா தாங்க மாட்டாங்க. சொல்லலன்னா நான் தாங்க மாட்டேன்."

மூன்று மணிக்குக் கூட்டம் கலைந்தது. டென்னிஸ் யெட்டாவின் கையைப் பிடித்துக்கொண்டு ஏதோ முனகிவிட்டுப் போனார். இப்போது தொப்பி நேராக இருந்தது. சாயங்காலப் பிரார்த்தனைக்கு ஆட்கள் வர இன்னும் நேரமிருந்தது. செல்மா ஸ்டூலை இழுத்து அம்மாவுக்கு எதிரே போட்டு உட்கார்ந்தாள். "அம்மா" என்று ஆரம்பித்தாள். அந்த நேரம் பார்த்துக் கதவு தட்டப்பட்டது.

இரண்டு ஆட்கள். நடுவில், பழுப்புக் காகிதத்தில் சுற்றி, மூன்று இடத்தில் கயிறு கட்டி, ஆள் நீளத்துக்கு ஒரு கம்பளம்.

"மிஸ்டர் கார்வன் வீடுதானே? கடையில குடுத்தனுப்பினாங்க" என்றான் முன்னால் நின்றவன். விரிப்பு போட்ட கண்ணாடிகளைப் பார்த்ததும் குரலைத் தணித்துக்கொண்டான். "நடிக்கறதுக்குப் பணம் வேணாம், இதுதான் வேணும்னு அவரே வந்து எடுத்து வச்சாரு. கடை திறக்கற வெள்ளிக்கிழமை தரதா இருந்துச்சு. விஷயம் கேள்விப்பட்டு முதலாளி இன்னிக்கே போட்டுட்டு வரச் சொன்னாரு."

"எங்க போடச் சொன்னாரு?" என்றாள் யெட்டா.

"சமையல்கட்டுக்குன்னு அளவு குடுத்திருந்தாரு, அம்மா. வீட்டுக்காரம்மாவுக்குக் கால் சில்லுனு ஆயிடுதாம்."

சமையலறையில் வைத்துவிட்டுப் போனார்கள். அப்பா கிடந்த இடத்தில், அதே வாக்கில், கயிறோடு அது கிடந்தது. செல்மாவால் அந்தப் பக்கம் பார்க்க முடியவில்லை. ஆனால் இப்போது சொல்லாவிட்டால் எப்போதும் சொல்ல மாட்டாள் என்பது அவளுக்குத் தெரிந்துவிட்டது.

"அம்மா, அன்னிக்கு அப்பா விழுந்தப்ப..."

"கத்திரிக்கோல் எடு" என்றாள் யெட்டா. சுவரைப் பிடித்துக்கொண்டு அவளும் சமையலறைக்கு வந்திருந்தாள்.

"நான் சொல்றத கேளுங்கம்மா."

"எனக்குத் தெரியும்டி."

"என்ன தெரியும்?"

"நான் தூங்கல." யெட்டா கம்பளத்தைப் பார்த்துக்கொண்டே பேசினாள். "தொம்முனு கேட்டுச்சு. நீ கத்தினதும் கேட்டுச்சு. நல்லா வேணும் கிழவனுக்கு, கொஞ்ச நேரம் கெடக்கட்டும்னு நானும் நெனச்சேன். ரேடியோ சத்தத்தக் கொறச்சு வச்சுட்டு, நீ எப்ப சொல்லப்போறேன்னு காத்துட்டு இருந்தேன்." அவள் மூச்சு வாங்கினாள். "எழுந்து வர எனக்குப் பத்து அடி. வரல."

தூங்கிக்கொண்டிருந்ததாக அம்மா இரண்டு நாளாகச் சொல்லிவந்தது யாருக்காக என்று செல்மாவுக்கு இப்போது புரிந்தது. அழுகை வரவில்லை. வந்திருந்தால் நன்றாக இருந்திருக்கும். அம்மாவின் தோளைத் தொடக் கை நீட்டினாள். யெட்டா மேஜையிலிருந்த கத்திரிக்கோலைத் தானே எடுத்து அந்தக் கையிலேயே திணித்தாள்.

மூன்று கயிறுகளையும் வெட்டினார்கள். காகிதம் படபடத்துப் பிரிந்தது. கரும்பச்சை நிறம். சுவரிலிருந்து அடுப்புவரை உருண்டு விரிந்தது. யெட்டா வெறும் காலுறையோடு அதன்மேல் ஏறி, ஓர் அடி எடுத்து வைத்தாள், இன்னோர் அடி வைத்தாள்.

"மெத்துனு இருக்கு" என்றாள்.

அப்பா அளவு எடுத்ததில் நாலு அங்குலம் கூடிவிட்டிருந்தது. அடுப்புப் பக்கத்து முனை சுருண்டு எழுந்தது. செல்மா காலால் அழுத்தினாள். காலை எடுத்ததும் மறுபடி எழுந்தது. குனிந்து கையால் நீவி விட்டுப் பார்த்தாள். நிற்கவில்லை.

கடைசியில் காலணியைக் கழற்றிவிட்டு, இரண்டு காலையும் வைத்து அந்த முனைமேல் ஏறி நின்றாள். அந்த முனையில் அம்மா, இந்த முனையில் அவள். வாசலில் பிரார்த்தனைக்கு வந்தவர்கள் கை கழுவும் சத்தம் கேட்டது. கதவைத் திறக்க வேண்டும். நகர்ந்தால் முனை எழுந்துவிடும். செல்மா அப்படியே நின்றுகொண்டிருந்தாள்.