குங்குமச் சிவப்பில் ஒரு வானம்

தொலைநோக்கி வாங்குகிறவர்கள் எல்லாம் அவசரக்குடுக்கைகள் என்பது புனேக்காரர் விஷ்வாஸ் பரஞ்சபேயின் தீர்ப்பு. வானம் பார்க்கத் தொடங்குகிறவனுக்கு பைனாகுலர், சாய்வு நாற்காலி, இருட்டுக்குப் பழகிய கண் கூசாமலிருக்கச் சிவப்புக் கண்ணாடிக் காகிதம் சுற்றிய டார்ச், நட்சத்திர வரைபடம், இவை போதும். இவற்றைச் சேர்க்கவே அவருக்கு ஒரு வருடம் ஆகிவிட்டது. நிமிர்ந்து பார்க்கத்தான் நேரம் வாய்க்கவில்லை.

"பொம்மை வாங்கி அடுக்கறீங்க" என்பாள் மனைவி வாசந்தி. அவள் வாயால் ஒரு தடவையாவது 'வந்தது நல்லதாப் போச்சு' என்று கேட்டுவிட வேண்டும் என்று அவருக்கு வெறியே வந்துவிட்டது. அதற்காகத்தான் இந்த அமாவாசைக்கு அடுக்ககத்து ஆட்களோடு அவளையும் ஊருக்கு வெளியே மொட்டைப் பாறைக்குக் கிளப்பிக்கொண்டு வந்தார். அவள் ஒரு பாயும் ஃபிளாஸ்க்கில் டீயும் எடுத்துக்கொண்டாள்.

அறிவிப்புப் பலகை இல்லாமல் எந்தப் புனேக்காரரும் எதையும் தொடங்க மாட்டார். பாறை ஓரத்தில் பரஞ்சபேயும் ஒன்றைக் கட்டினார்: 'இங்கே வெள்ளை வெளிச்சம் கூடாது. மீற நினைப்பவர்கள் வீட்டிலேயே பல்பைப் பார்த்துக்கொண்டு இருந்திருக்கலாம்.' பக்கத்து வீட்டு தாம்லே அந்தி வெளிச்சத்தில் அதை எல்லோருக்கும் உரக்கப் படித்துக் காட்டினார்.

இருட்டியதும் பரஞ்சபே சிவப்பு டார்ச்சைப் போட்டுப் படத்தை விரித்தார். வெறும் தாள். திருப்பினார். அதுவும் வெறும் தாள். டார்ச்சை இன்னும் கிட்டே பிடித்தார். அப்போதுதான் உறைத்தது. கறுப்பு மை துக்கத்துக்கு என்று, கல்யாணப் பத்திரிகை மாதிரி முழு வானத்தையும் குங்குமச் சிவப்பில் தன் கையாலேயே வரைந்திருந்தார் மனிதர். சிவப்பு வெளிச்சத்தில் சிவப்பு மை காணாமல் போகும் என்று எந்தக் கடைக்காரனும் சொல்லித் தொலைக்கவில்லை.

"என்ன பரஞ்சபே, ஆரம்பிக்கலாமா?" என்றார் தாம்லே.

"கண்ணு இருட்டுக்குப் பழகணும். பொறுங்க."

"பழகித் தூக்கமே வந்துடுச்சுய்யா. செல்போன் லைட்டு அடிக்கட்டா?"

"பலகையைப் படிச்சீங்கல்ல?"

"ஆமாமா, மறந்துட்டேன். அதுக்கு நான் வீட்டுக்குல்ல போகணும்!"

இருட்டில் எல்லோரும் சிரித்தார்கள். பாயில் மல்லாந்திருந்த வாசந்தி கையை நீட்டினாள். "ஏங்க, அங்க குட்டி குட்டியா ஒரு கொத்து இருக்கே, அது என்ன?"

"இரு, படத்தைப் பார்த்துச் சொல்றேன்."

"படத்துல எதுக்கு? அதான் மேலயே இருக்கே!"

அந்தக் கார்த்திகை நட்சத்திரக் கொத்தைப் பற்றி அவர் பக்கம் பக்கமாகப் படித்திருக்கிறார். தலையைத் தூக்கியிருந்தால் சொல்லியிருப்பார். அவரோ சாய்வு நாற்காலியின் நுனியில் உட்கார்ந்து, தாளில் மூக்கு உரசத் தேடிக்கொண்டிருந்தார். வாசந்தி எழுந்து வந்து அவர் கழுத்திலிருந்த பைனாகுலரைக் கழற்றிக்கொண்டு போனாள்.

"அம்மாடி! எண்ணி மாளாது போலிருக்கே!"

அதன் பிறகு பைனாகுலர் அவரிடம் திரும்பி வரவில்லை. கொறிக்கக் கொண்டுவந்த பாகர்வடிப் பொட்டலத்தோடு அதுவும் கைமாறிக் கைமாறிப் போனது. ஆளாளுக்கு ஒரு கொத்துக்குப் பேர் வைத்தார்கள். தாம்லேயின் மனைவி ஒன்றுக்குப் பரஞ்சபேயின் பேரையே வைத்தாள், ரொம்ப மங்கலாக இருக்கிறது என்று.

திரும்பும்போது காரில் வாசந்தி சொன்னாள்: "வந்தது நல்லதாப் போச்சுங்க."

ஒரு வருடமாகக் காத்திருந்த வார்த்தை. பரஞ்சபேக்கு நெஞ்சு நிறைந்துவிட்டது.

"அடுத்த அமாவாசைக்கும் வர்றதாப் பேசியாச்சு. பாயும் பைனாகுலரும் போதும்னு எல்லாரும் சொல்லிட்டாங்க."

"அப்ப நான்?"

"நீங்க எதுக்குங்க கஷ்டப்பட்டுக்கிட்டு? வீட்டிலேயே பல்பைப் போட்டுப் படத்தைப் பாருங்க. அங்கதான் நல்லாத் தெரியும்."