வாங்க வராத பொருட்கள்

அண்ணி வேறு வேலைக்குப் போகப் போகிறாள் என்பதை அண்ணன்தான் எனக்குச் சொன்னான். கேட்டதும் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. கடையை மூடுவதென்றால் பாதி முதலாளியான என்னிடம் ஒரு வார்த்தை சொல்ல வேண்டாமா?

கடை என்றால் கடையில்லை. சாவி வெட்டும் கடைக்கு மேலே ஓர் அறை, இரண்டு மேசை, கீழேயிருந்து நாள் முழுக்க வரும் கிர்ர் சத்தம். ரிப்பேர் கடைக்காரர்களுக்காக அண்ணி ஒரு மென்பொருள் எழுதியிருந்தாள். யார் எதைக் கொடுத்தார்கள், என்ன பழுது, என்றைக்குத் திருப்பித் தர வேண்டும் என்பதையெல்லாம் அது நினைவு வைத்துக்கொள்ளும். எழுதுவது அவள் வேலை, ஆளைக் கூட்டி வருவது என் வேலை. ஒரு வருடத்தில் பன்னிரண்டு பேர் வந்து போட்டுப் பார்த்தார்கள். பன்னிரண்டு பேரும் சொல்லாமல் கொள்ளாமல் போய்விட்டார்கள்.

"அடுத்த வாரம் வெள்ளிக்கிழமை அஞ்சு மணிக்குள்ள அந்தக் கம்பெனிக்குப் பதில் சொல்லணும்," என்றாள் அண்ணி. "அதுக்குள்ள நிஜமா பயன்படுத்துற ஒரே ஒரு கடை வந்தாலும் நான் போகல."

"ஒண்ணு போதுமா?"

"போதும். ஆனா உன் சித்தி பையன் கடை செல்லாது."

என்னை நன்றாகத் தெரிந்து வைத்திருக்கிறாள்.

தேடுசொற்களில் இறங்கினேன். இணையத்தில் மக்கள் எதைப் போட்டுத் தேடுகிறார்கள், மாதத்துக்கு எத்தனை பேர், அந்தச் சொல்லுக்கு எவ்வளவு போட்டி என்று காட்டும் கருவி ஒன்று இருக்கிறது. 'ரிப்பேர் கடை மென்பொருள்' என்று போட்டேன். போட்டி நூற்றுக்கு எண்பத்தொன்று. முதல் பக்கம் முழுக்கப் பெரிய கம்பெனிகள். நாங்கள் இருந்தது ஒன்பதாம் பக்கத்தில், அங்கே எங்களைத் தவிர யாரும் போனதில்லை. சொல்லை மாற்றி மாற்றிப் போட்டுப் பார்த்தேன். ஆள் இருக்கிற இடத்தில் போட்டி, போட்டி இல்லாத இடத்தில் ஆளே இல்லை. மூன்று நாளில் மண்டை காய்ந்துவிட்டது.

நாலாம் நாள்தான் எங்கள் உதவிப் பக்கத்தில் இருக்கும் தேடல் பெட்டி ஞாபகம் வந்தது. அதில் யார் எதைத் தட்டினாலும் பதிவாகும்படி அண்ணி செய்து வைத்திருந்தாள். செய்ததோடு சரி, இருவரும் ஒரு தடவைகூட அதைத் திறந்து பார்க்கவில்லை. திறந்தேன்.

'வாங்க வராத பொருள் எங்கே.' 'பழைய டோக்கன் காணோம்.' 'கஸ்டமர் வரல பொருள் லிஸ்ட்ல இல்ல.'

பன்னிரண்டு பேரில் ஒன்பது பேர் இதையேதான் வேறு வேறு விதமாகக் கேட்டிருந்தார்கள்.

"அண்ணி, யாரும் வாங்க வராத பொருள் நம்ம லிஸ்ட்ல என்ன ஆகும்?"

"தொண்ணூறு நாள் ஆனா தானா அழிஞ்சிடும்," என்றாள் திரும்பாமலே. "லிஸ்ட் சுத்தமா இருக்கும்ல? மூணு மாசமா வராதவங்க இனிமே எங்க வரப் போறாங்க?"

மேசையில் ஒரு துண்டுக் காகிதம் கிடந்தாலும் அண்ணிக்குப் பிடிக்காது. சண்டை போடலாமா என்று தோன்றியது. ஆனால் சண்டையைவிட எனக்குக் குடைச்சல்தான் அதிகமாக இருந்தது. வராத பொருளை ஏன் இத்தனை பேர் தேடுகிறார்கள்? கருவியில் போட்டேன். போட்டி பூஜ்யம், தேடுபவர்களும் பூஜ்யம். இப்படிப்பட்ட சொல்லை யாரும் கண்டுகொள்ள மாட்டார்கள். எனக்கோ அந்த ஒன்பது பேர் கண்முன்னே நின்றார்கள்.

இரண்டு தெரு தள்ளியிருந்த வாட்ச் ரிப்பேர்காரரிடம் போய்க் கேட்டேன். அவர் ஒரு ட்ராயரை இழுத்துக் காட்டினார். நாற்பதுக்கு மேல் வாட்ச், ஒவ்வொன்றிலும் நூலில் கட்டிய சீட்டு.

"வித்துடலாமே அண்ணே?"

"வித்த மறுநாள் வந்து நிப்பாங்கம்மா. தூக்கிப் போடவும் மனசு வரல. வாரம் ஒரு தடவை எல்லாத்துக்கும் சாவி கொடுக்கறேன்."

இணையத்தில் ஏதாவது தேடினாரா என்று கேட்டதற்குத் தயங்காமல் போனை நீட்டினார். 'வாங்க வராத வாட்ச் எத்தனை வருசம் வச்சிருக்கணும்' என்று தேடியிருந்தார். எங்கள் மென்பொருளைப் பற்றிச் சொன்னேன். "எனக்கு ட்ராயர் போதும்மா," என்றார்.

அப்போதுதான் நீல முகப்பு வைத்த வாட்ச் கண்ணில் பட்டது. சீட்டில் மூன்று வருடத்துக்கு முந்தைய தேதி, ஒரு போன் நம்பர். எனக்கு மனப்பாடமான நம்பர்.

திரும்பி வந்து சாதாரணமாகக் கேட்டேன். "அண்ணி, உங்க நீல வாட்ச் எங்க?"

தட்டிக்கொண்டிருந்த விரல்கள் நின்றன.

"போகணும்னுதான் இருந்தேன். ஆறு மாசம் ஓடிப் போச்சு. அதுக்கப்புறம் போனா என்ன நினைப்பாரோன்னு கூச்சமா இருந்துச்சு. இப்போ அந்தத் தெரு வழியாவே போறதில்ல." பிறகு திரையைப் பார்த்தபடியே, "ஒரு தடவை தேடிக்கூடப் பாத்தேன்," என்றாள்.

"என்னன்னு?"

"ரொம்ப நாள் கழிச்சு ரிப்பேர் கடைக்குப் போனா திட்டுவாங்களான்னு."

வயிறு வலிக்கச் சிரித்தேன். சிரித்து முடித்ததும் அதையும் கருவியில் போட்டேன். பூஜ்யம், பூஜ்யம்.

அன்றைக்கே அண்ணி அந்தத் தொண்ணூறு நாள் கணக்கைத் தூக்கினாள். வாங்க வராத பொருட்களுக்குத் தனிப் பட்டியல் வைத்தாள். ஒரு பொத்தானை அழுத்தினால் வாடிக்கையாளருக்குச் செய்தி போகும்: 'உங்கள் பொருள் பத்திரமாக இருக்கிறது. எப்போது வந்தாலும் சரி, யாரும் எதுவும் கேட்க மாட்டார்கள்.' எங்கள் இணையதளத்துக்கு நான் இரண்டு பக்கங்கள் எழுதினேன். ஒன்றுக்கு வாட்ச்காரரின் கேள்வி தலைப்பு, இன்னொன்றுக்கு அண்ணியின் கேள்வி. சாயங்காலம் அவளைக் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு வாட்ச் கடைக்குப் போனேன். "பட்டை பழசாயிடுச்சு, மாத்தித் தரவா?" என்று மட்டும்தான் அவர் கேட்டார்.

அடுத்த வியாழக்கிழமை இரண்டு கேள்விகளுக்கும் நாங்கள்தான் முதல் பக்கத்தில் முதல் இடம். பெருமைப்பட ஒன்றுமில்லை, அந்தக் கேள்விக்கு வேறு யாருமே பதில் எழுதவில்லை. ஏழு பேர் வந்தார்கள். ஆறு பேர் படித்துவிட்டுப் போய்விட்டார்கள்.

ஏழாமவர் ஒரு செருப்பு ரிப்பேர் கடைக்காரர். வெள்ளிக்கிழமை மூன்றரை மணிக்குத் திரும்பி வந்து கணக்கு தொடங்கினார். முதல் பொருள், கறுப்பு ஷூ, கொடுத்து ஆறு வருடம் ஆகியிருந்தது. இரண்டாவது, மூன்றாவது என்று எண்ணிக்கை மெல்ல ஏறியது. நாலே முக்காலுக்கு முப்பத்தாறு.

"சும்மா போட்டுப் பாக்கறாரோ என்னவோ," என்றாள் அண்ணி. பயத்தில் அவள் குரலே மாறியிருந்தது.

"சும்மா பாக்கறவர் ஆறு வருஷப் பழைய செருப்பையெல்லாம் எதுக்கு அண்ணி ஒவ்வொண்ணா ஏத்தப் போறார்?"

அவள் மணிக்கட்டைத் திருப்பி நேரம் பார்த்தாள். போனை எடுத்துக்கொண்டு மாடிப்படிக்குப் போனாள். கீழே சாவி வெட்டும் சத்தத்தில் அவள் பேசியது எதுவும் கேட்கவில்லை. நான் ஏறிக்கொண்டிருந்த எண்ணிக்கையையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

திரும்பி வந்து நாற்காலியை இழுத்து என் பக்கத்தில் போட்டாள்.

"வேலைக்கு வரலன்னு சொல்லிட்டேன். எத்தனையாச்சு?"

"நாப்பத்தொண்ணு," என்றேன். "கடைசியா ஏத்தினது இடது கால் செருப்பு மட்டும்."