வாய்க்கால் அபராதம்

அந்தக் காலி வீட்டை வாங்க டெலியாவுக்கு எல்லாமே கூடி வந்திருந்தது, இசோபேயின் ஒரு தலையாட்டலைத் தவிர. வீட்டுக்காரர் ஒசாகாவில் இருந்தார். "ஊர்ச் சங்கத் தலைவர் சரின்னு சொல்லட்டும், அன்னைக்கே கையெழுத்துப் போடறேன்" என்று போனில் சொல்லிவிட்டார். தலைவர் இசோபேயோ, "பிலிப்பைன்ஸ்காரங்களுக்கு நம்ம வழக்கமெல்லாம் ஒத்துவராதே" என்று சிரித்துச் சிரித்தே இழுத்தடித்தார். இதே ஊர் முதியோர் இல்லத்தில் கிழடுகளைக் குளிப்பாட்டி, சோறூட்டியே அவளுக்குத் தலை நரைத்துவிட்டது. இசோபேயின் அம்மாவுக்குக் கடைசி வரை கால் பிடித்துவிட்டவளும் அவள்தான். அப்போது மட்டும் வழக்கம் ஒத்துவந்ததாக்கும்!

நடவுக்கு முன்னால் வாய்க்கால் தூர்வாரும் ஞாயிறு வந்தது. வீட்டுக்கு ஒரு ஆள் வந்தாக வேண்டும். காலை எட்டு மணி என்று ஊர் ஒலிபெருக்கி சொன்னது. யாரும் கூப்பிடாமலே டெலியா மண்வெட்டியும் ரப்பர் பூட்ஸுமாகச் சரியாக எட்டுக்குப் போய் நின்றாள்.

போனால், பாதி வேலை முடிந்திருந்தது. எட்டு என்றால் ஏழுக்கே வருவதுதான் அந்த ஊர் மரியாதை. அதை யாரும் யாருக்கும் சொல்வதில்லை.

"வாங்க, வாங்க!" இசோபே இடுப்பு வரை குனிந்து வணங்கினார். அதற்குப் பதில் ஓர் அறை விட்டிருக்கலாம். "பாத்தீங்களா எல்லாரும்? இதைத்தான் சொன்னேன். தாமதமா வந்தா இங்க அபராதம், தெரியுமா உங்களுக்கு?"

நாலு பேர் சிரித்தார்கள். டெலியாவுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. மண்வெட்டியைக் கரையில் ஓங்கிக் குத்தி நிறுத்தினாள்.

"இப்பத்தான் தெரிஞ்சுது. கட்டறேன், வாங்கிக்கோங்க."

"எதை?"

"அபராதத்தை."

சிரிப்பு அடங்கியது. இசோபே கழுத்துத் துண்டால் முகத்தைத் துடைத்தார். "அது வந்து... சங்கத்து வீட்டுக்காரங்களுக்கு மட்டுந்தான்."

"அப்படின்னா நான் தாமதமா வரலை. சும்மா ஒத்தாசைக்கு வந்திருக்கேன், நன்றி சொல்லுங்க. இல்லையா, அபராதத்தை வாங்குங்க. ரெண்டுல ஒண்ணு, தலைவரே!"

சேற்றில் நின்ற தோகியே என்ற பெண் கெக்கலித்தாள். அந்தக் காலி வீட்டுக்குப் பக்கத்து வீட்டுக்காரி அவள். சங்கத்துக் கணக்கும் அவள் கையில்தான்.

"நல்லா மாட்டினீங்க, தலைவரே! அந்த வீட்டு வாசல் வாய்க்கால்ல மண்ணு அள்ள ஆளில்லாம, தண்ணி பூரா என் வயல்ல ஏறுது. எனக்கு மண்வெட்டி புடிக்க ஆள் வேணும். அது எந்த நாட்டுக் கையா இருந்தா என்ன? குடும்மா இப்படி."

டெலியா பண நோட்டை நீட்டினாள். தோகியே அதை இடுப்புப் பையில் செருகிக்கொண்டு இசோபேயைப் பார்த்தாள்.

"ரசீதுல எந்த வீடுன்னு போடறது?"

இசோபே தண்ணீரைப் பார்த்தார், மலையைப் பார்த்தார். ஒருவரும் அவர் உதவிக்கு வரவில்லை.

"அந்தக் காலி வீடுன்னே போட்டுத் தொலை."

டெலியா வாய்க்காலுக்குள் இறங்கினாள்.

"அடுத்த வருஷம் ஆறு மணிக்கே வந்துடுவேன், தலைவரே. நீங்க தூங்கிட்டிருந்தா நானே கதவைத் தட்டி எழுப்பறேன்."