கை பேசும் கொட்டகை

நகப் என்கிற பாலைவனத்தில், தக்காளி பொறுக்கும் கொட்டகையில் இயந்திரப் பட்டை ஓட ஆரம்பித்தால் பக்கத்தில் நிற்பவள் கத்தினாலும் காதில் விழாது. எங்கள் ஊர்ப் பெண்களுக்கு அதனால் ஒரு நஷ்டமும் இல்லை. வீட்டுக்கு வீடு காது கேளாத பிள்ளை பிறந்த ஊர். யாரும் உட்கார்ந்து சொல்லித்தராமல், அடுப்படியிலும் ஆட்டுக்கிடையிலும் தானாகவே ஒரு கைப்பேச்சு முளைத்து, காது கேட்பவர்களையும் தொற்றிக்கொண்டது. பெயர் வைப்பதுகூடக் கையால்தான். புது மேற்பார்வையாளர் நாசிருக்குப் பெயர் வைத்தவள் ஜலீலா. இடுப்பில் இரண்டு கையும் வைத்து, நழுவும் கால்சட்டையைத் தூக்கிவிடுகிற மாதிரி ஓர் இழுப்பு. கொட்டகையே குலுங்கிச் சிரித்தது.

நாசிர் நகரத்து ஆள். சிரிப்பு தன்னைப் பற்றித்தான் என்பது மட்டும் புரிந்துவிட்டது.

"இனிமே வேலை நேரத்துல யாரும் கையை ஆட்டக்கூடாது. வாயால பேசிக்கோங்க. மூணு தடவை மாட்டினா வீட்டுக்குத்தான்" என்றான்.

வாயால் பேசணுமாம்! ஜலீலாவுக்குக் காதும் கேட்காது, வாய்ப்பேச்சும் கிடையாது. அவள் சம்பாத்தியத்தில்தான் இரண்டு பிள்ளைகள் சாப்பிட்டார்கள். ஒரே வாரத்தில் இரண்டு தடவை மாட்டிக்கொண்டாள்.

வியாழக்கிழமை ஜலீலாவுக்கு எதிரே நின்ற மூத்தவள் உம்மு ராயிதின் முக்காட்டு நுனி பட்டையின் உருளையில் சிக்கியது. ஜலீலா இரண்டு கையையும் தலைக்குமேல் தூக்கி வீசினாள். தூரத்தில் பட்டையை நிறுத்தும் பொத்தானருகே நின்ற ஹஸ்னா அதைப் பார்த்துப் படாரென்று அமுக்கினாள். முக்காடு கிழிந்தது, கழுத்து தப்பியது.

நாசிர் ஓடிவந்தான். "மூணாவது தடவை."

"அடப் பாவி! அவ கையைத் தூக்கலைன்னா இந்நேரம் என்னைப் பொதைக்கக் கஃபன் துணி வாங்கப் போயிருப்பே!" என்றாள் உம்மு ராயித்.

"சட்டம் சட்டம்தான், உம்மு ராயித்."

உம்மு ராயித் கிழிந்த முக்காட்டை முடிச்சுப் போட்டாள். பிறகு இடுப்பில் இரண்டு கையும் வைத்து, அவன் கண்ணெதிரே, ஒரு இழுப்பு இழுத்தாள். ஹஸ்னாவும் இழுத்தாள். வரிசை முழுக்க இழுத்தது.

"எங்க எல்லாரையும் வீட்டுக்கு அனுப்பு மகனே. தக்காளியை நீயே பொறுக்கி ஏத்து" என்றாள் உம்மு ராயித்.

வெளியே லாரிக்காரன் ஹாரனை அமுக்கினான். நாசிர் தன்னை அறியாமலே கால்சட்டையைத் தூக்கிவிட்டுக்கொண்டான். சிரிப்பு வெடித்தது.

"சரி, சரி, அவ இருக்கட்டும். கணக்கு முதல்லேருந்து. ஆனா கைப்பேச்சு டீ நேரத்துல மட்டும்தான்!"

டீ நேரத்தில் ஜலீலாவுக்குக் காலையிலிருந்து சேர்ந்த பேச்சு மொத்தமும் கையில் வந்து நின்றது. டம்ளரைப் பிடித்தால் பேச முடியாது. உம்மு ராயிதே டம்ளரை அவள் வாயில் வைத்தாள். ஒரு மடக்கு, ஒரு கதை. கண்ணில் நீர் வரச் சிரித்தார்கள்.

கதை பாதியில் இருக்கும்போது டீ நேரம் முடிந்த மணி அடித்தது. எல்லோரும் எழுந்தார்கள். ஜலீலா முகம் முகமாகப் பார்த்து, 'என்ன ஆச்சு?' என்று கையால் கேட்டாள்.

வாசலில் நின்ற நாசிர் ஒரு விரலை நீட்டிக் காட்டினான்.

"ஒண்ணு."