இருபத்தாறாவது வாரம்

ஆட்டு மூளையிலிருந்து அந்தப் புரதத்தைத் தனியாகப் பிரித்தெடுக்கச் செண்பகவல்லிக்கு இரண்டு வருடம் பிடித்தது. நரம்பும் நரம்பும் சேரும் இடத்தில் இருக்கும் புரதம். எலிக்குட்டிகளில் அது பிறந்த பத்தாம் நாள்தான் தலைகாட்டியது. மனிதக் குழந்தைக்கு எந்த மாதத்தில் வருகிறது? அதைத் தெரிந்துகொள்ள 1986 மழைக்காலம் முழுக்க மாட்டுங்கா ஆய்வுக்கூடத்திலிருந்து, இறந்து பிறக்கும் குழந்தைகளைத் தேடி ஆஸ்பத்திரிகளுக்கு அலைந்தாள்.

ஒரு நாள், சொல்லிவைத்திருந்த நர்ஸ் ஒருத்தி ஆளனுப்பினாள். தாராவியிலிருந்து வந்திருந்த ஹபீபா வீட்டு ஏணியில் வழுக்கி விழுந்ததில், ஆறு மாதப் பெண்குழந்தை வயிற்றிலேயே இறந்துபோயிருந்தது. கணவன் ஷேக் பரீத் தோல் கார்கானாவில் பை தைப்பவன். இறந்த குழந்தையின் மூளையில் கொஞ்சம் ஆய்வுக்கு வேண்டும் என்று செண்பகவல்லி கேட்டதும் அவன் எழுந்து நின்றுவிட்டான்.

"மையத்த அறுக்கவா? நடக்காது மேடம்."

ஹபீபா மெதுவாகக் கேட்டாள். "வேற பிள்ளைகளுக்கு ஒதவுமா?"

"இப்ப உதவாது. என்னைக்காவது உதவலாம். கொஞ்சம்தான் எடுப்போம். சாயங்காலமே குழந்தையத் தந்துடுவோம்."

ஹபீபா கணவனின் கையைப் பிடித்துக்கொண்டு வெகுநேரம் அழுதாள். பிறகு படிவத்தில் கைநாட்டு வைத்தாள். "சைனப்புன்னு பேரு வச்சிருக்கோம்" என்றாள்.

மூன்று வாரம் கழித்து, சோதனையின் முடிவைக் காட்டும் ஃபிலிமில் மெல்லிய கோடு ஒன்று விழுந்தது. இருபத்தாறாவது வாரத்திலேயே அந்தப் புரதம் இருந்தது. செண்பகவல்லிக்கு அன்று ஆய்வுக்கூடத்தில் இருப்புக்கொள்ளவில்லை. தாய்க்கு ஆறுதலாக இருக்குமென்று நினைத்து, விசாரித்துக்கொண்டு தாராவிக்குப் போனாள்.

"உங்க குழந்தைக்கு மூளை நல்லா வளந்திருக்கு ஹபீபா. நரம்பெல்லாம் சேர ஆரம்பிச்சிருச்சு."

ஹபீபாவின் முகம் மலர்ந்தது. "அப்போ நான் பேசுனதெல்லாம் எம் பிள்ளைக்குக் கேட்டுருக்குமோ?"

"கேட்டிருக்கலாம்."

ஹபீபா சிரித்தபடியே கணவனைப் பார்த்தாள். சட்டென்று அந்தச் சிரிப்பு நின்றது.

"அப்போ... நான் விழுந்தப்போ அவளுக்கு வலிச்சிருக்குமே?"

"அய்யோ, அப்படி இல்ல. இத வச்சு அதெல்லாம் சொல்ல முடியாது..."

"கேட்டுருக்கும்னு சொன்னீகளே!"

ஹபீபா வயிற்றை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு தரையில் சரிந்தாள். அவள் குரல் கேட்டு அடுத்த வீட்டுப் பெண்கள் ஓடி வந்தார்கள்.

சந்து முனைவரை ஷேக் பரீத் செண்பகவல்லியுடன் வந்தான்.

"நேத்துத்தான் மேடம் அவ ஒரு வாய் சோறு தின்னா" என்றான். "இனிமே வராதீங்க."

செண்பகவல்லி தலையசைத்தாள். மழை தூறிக்கொண்டிருந்தது. மாஹிம் ஸ்டேஷன்வரை குடையை விரிக்காமலே நடந்தாள்.